1111111 பகா எண்ணா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகள், மாதிரித் தேர்வில் 1111111 பகா எண் என்று குறித்தாள், விடைக்குறிப்பு பகு எண் என்கிறது. '6-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 5 வந்தால் பகா எண்' என்று பயிற்சி மையத்தில் சொல்லித் தந்தார்களாம். எது சரி? இவ்வளவு பெரிய எண்ணைக் கையால் எப்படிச் சோதிப்பது?

பதில்: விடைக்குறிப்பே சரி. 239-ஐ 4649-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1111111 வரும்.

3-க்கு மேற்பட்ட பகா எண் எதையும் 6-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 5 வரும் என்பது உண்மை. ஆனால் அப்படி மீதி வருவதெல்லாம் பகா எண் ஆகிவிடாது. 25, 35, 49 ஆகியவற்றுக்கும் அதே மீதிதான். இந்தப் பாதி உண்மையை 'ஷார்ட்கட்' என்று அச்சடித்துக் காசாக்குபவர்கள் பெருகிவிட்டார்கள். 13 வரை வகுத்துப் பார்த்தால் போதும் என்போரையும் நம்பாதீர்கள். பள்ளியில் பகா எண் பாடத்தை 100-உடன் முடித்துவிட்டு, தேர்வில் ஏழு இலக்க எண்ணைக் கொடுத்து ஒரு நிமிடத்தில் விடை கேட்டால், பிள்ளைகள் இவர்களிடம் போகாமல் என்ன செய்வார்கள்?

முறையான வழி, வர்க்கமூலமான 1054 வரையுள்ள 177 பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது. இந்த எண்ணுக்கு அவ்வளவு உழைப்புத் தேவையில்லை. இதன் ஒன்பது மடங்கு 9999999 என்பதால், இதை வகுக்கும் பகா எண்ணால் 1-ஐ வகுத்தால் தசம இலக்கங்கள் ஏழு ஏழாகச் சுழலும். 1/239 என்பது 0.0041841 0041841 என்று போவதைப் பாருங்கள். சுழலும் இலக்கங்களின் எண்ணிக்கை, அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்ததை மீதியின்றி வகுக்கும் என்பது விதி. எனவே, ஒற்றைப்படையான அந்தக் காரணியை 14-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அத்தகைய பகா எண்கள் 29, 43, 71, 113, 127, 197, 211, 239 என்று வருகின்றன. எட்டாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருந்தால்தான் இந்த வழி செல்லும். அதிலும் ஒரு விலக்கை மறக்கக்கூடாது. 111 = 3 × 37. மூன்று ஒன்றுகள் என்பதால் இங்கே 6-ஆல் வகுத்து மீதி 1 வர வேண்டும். 37 அதற்கு உட்படுகிறது, 3 உட்படவில்லை. 1/37 என்பது 0.027027 என மூன்று மூன்றாகச் சுழல, 1/3 ஒரே இலக்கத்தில் சுழல்வதே காரணம். நாம் பெருக்கிய 9-க்குள்ளேயே 3 இருப்பதால் வரும் சிக்கல் இது. ஆகவே மூன்று ஒன்றுகள் வந்தால், 3-ஐத் தனியே சோதித்துவிட வேண்டும். ஏழு ஒன்றுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

ஒன்றுகளால் ஆனவை எல்லாம் பகு எண்கள் என்று இன்னொரு ஷார்ட்கட்டை உருவாக்கிவிட வேண்டாம். 11 பகா எண், பத்தொன்பது ஒன்றுகளும் இருபத்து மூன்று ஒன்றுகளும் அப்படியே. 4649 மேலும் உடையுமா என்று மகள் கேட்டால், அதன் காரணிகளும் 1111111-இன் காரணிகளே, அதன் வர்க்கமூலமோ 68 சொச்சம் என்பதால், மேலே உள்ள பட்டியலில் 29, 43 இரண்டால் மட்டும் வகுக்கச் சொல்லுங்கள். மீதி 9-உம் 5-உம் வரும், ஆகவே அது உடையாது.