அண்ணாச்சி பட்டறை: சோக் முழுசா உள்ளே போகுதா?

கேள்வி: அண்ணாச்சி, எங்க அப்பா வாங்கின 1972 மாடல் அம்பாசிடர். பெட்ரோல் வண்டி, காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்புரேட்டர் எஸ்.யு. (SU) வகை. மார்கழியில வெள்ளன எடுக்கணும்னா சோக்கை முழுசா இழுத்தாத்தான் ஸ்டார்ட் ஆகுது. உள்ளே தள்ளினா உடனே நின்னுபோகுது. பாதியில விட்டு ஓட்டினா கரும்புகை, பெட்ரோல் வாடை. மைலேஜும் ரொம்ப இறங்கிட்டு. கார்புரேட்டரையே மாத்தச் சொல்லுதாங்க. மாத்தட்டுமா?
- வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: மாத்தாதீங்க தம்பி. அந்தக் கார்புரேட்டர் லேசுல கெடாது. உங்க வண்டியில ரெண்டு கோளாறு ஒண்ணாக் கலந்து கிடக்கு. பிரிச்சுப் பார்த்தா ரெண்டையும் வீட்டு வாசல்லயே சரி பண்ணிரலாம்.

ஆறிக் கிடக்கிற இன்ஜின் ஸ்டார்ட் ஆக பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறதுதான் சோக். நம்ம ஊர் வெயிலுக்கு அது வேலை செய்ய வேண்டியது காலையில கொஞ்ச நேரம்தான். மத்த நேரம் பூரா அது சும்மா இருக்கணும். அதனால எங்கிட்ட வர்ற வண்டியில சோக் இழுபடுதான்னு பார்க்கிறதுக்கு முன்னால, திரும்பிப் போகுதான்னு பார்ப்பேன்.

எஸ்.யு.வில காத்து வர்ற வழியை அடைக்கிற சோக் தகடு கிடையாது. பெட்ரோல் வர்ற சின்னக் குழாய்க்கு ஜெட்னு பேரு; மேலேயிருந்து ஒரு ஊசி அந்த ஜெட்டுக்குள்ள இறங்கி நிக்கும். அந்த ஊசி கீழே போகப் போக மெலிஞ்சிருக்கும். நீங்க சோக்கை இழுத்தா ஜெட் கீழே இறங்கும்; ஊசியோட மெலிஞ்ச பாகம் ஜெட் வாய்க்கு நேரா வரும்; இடைவெளி கூடி பெட்ரோல் அதிகமா ஏறும். குமிழை உள்ளே தள்ளினதும் ஜெட் மேலே ஏறி, அட்ஜஸ்ட்மென்ட் நட்டுல முட்டி நிக்கணும். அது நூலிழை இறங்கி நின்னாக்கூட நாள் முழுக்க சோக் போட்டு ஓட்டுற கதைதான். சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயிலை அந்தப் பெட்ரோல் கழுவி, கீழே இறங்கி இன்ஜின் ஆயிலையும் நீர்க்க வச்சிரும். மைலேஜ் நஷ்டத்தைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. அப்பா பார்த்துப் பார்த்து ஓட்டின இன்ஜின் வீணாத் தேஞ்சுபோகக் கூடாது.

இன்ஜின் ஆறின பிறகு குமிழை முழுசா உள்ளே தள்ளிட்டு, பானெட்டைத் திறந்து ஜெட்டை அடியிலேயிருந்து விரலால மேலே தள்ளிப் பாருங்க. அசைஞ்சு ஏறுச்சுன்னா குத்தம் அங்கேதான். கேபிள் விறைப்பா இருக்கக் கூடாது. லிவரை இழுக்கத் தொடங்குறதுக்கு முன்னால ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் தளர்வு வேணும். இல்லைன்னா முனையில இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி அவ்வளவு விட்டு முறுக்குங்க. தளர்வு இருந்தும் ஜெட் தானா ஏறலைன்னா பெட்ரோல் பிசின் பிடிச்சிருக்கும். சோக்கை இழுத்து ஜெட்டைக் கீழே இறக்கி, வெளியே தெரியுற பாகத்தைப் பெட்ரோல் நனைச்ச துணியால துடைங்க. லிவர் மூட்டுகள்ல ரெண்டு சொட்டு லேசான ஆயில் விடுங்க. ரிட்டர்ன் ஸ்பிரிங் இருக்கான்னும் பாருங்க. பழைய வண்டிகள்ல அது எங்கேயோ விழுந்துபோய், யாரும் கவனிக்காமலே ஓடிக்கிட்டிருக்கும்.

ரெண்டாவது கோளாறு, உள்ளே தள்ளினா நிக்கிறது. சோக் குமிழுக்கு ரெண்டு கட்டம் உண்டு. கொஞ்சம் இழுத்தா ஜெட் அசையாது. ஆக்சிலேட்டர் மட்டும் லேசாத் திறந்து ஐட்லிங், அதாவது பெடலை மிதிக்காம இன்ஜின் ஓடுற வேகம், கூடும். அதுக்கு மேல இழுத்தாத்தான் ஜெட் இறங்கும். நீங்க முழுசா இழுத்ததை ஒரே தள்ளாத் தள்ளிருதீங்க. ஸ்டார்ட் ஆனதும் பைய முதல் கட்டத்துக்குக் கொண்டுவாங்க. இன்ஜின் சூடேறின பிறகு மிச்சத்தைத் தள்ளுங்க.

அந்த முதல் கட்டத்துக்குன்னு ஒரு தனி ஸ்க்ரூ இருக்கு. இன்ஜின் நல்லா சூடான பிறகு, ஜெட் அசையப் போற இடம் வரைக்கும் குமிழை இழுத்து நிறுத்தி, ஐட்லிங் 1,000 ஆர்.பி.எம். வர்ற மாதிரி அதைத் திருப்புங்க. மீட்டர் இல்லைன்னா காதுதான் மீட்டர். குமிழை உள்ளே தள்ளிட்டா அந்த ஸ்க்ரூ எதையும் தொட்டுக்கிட்டு நிக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் சூடான இன்ஜின் ஐட்லிங்ல சீரா ஓடலைன்னா மிக்சரை, அதாவது காத்தும் பெட்ரோலும் கலக்குற அளவைப் பார்க்கணும். கார்புரேட்டருக்குள்ள அந்த ஊசியைப் பிடிச்சிருக்கிற பிஸ்டனைத் தூக்க, பக்கவாட்டுல சின்னப் பின் இருக்கும். பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர்கூட ஏறாத அளவுக்கு அதை லேசாத் தூக்குங்க. இன்ஜின் வேகம் கூடி, கூடினபடியே ஓடினா பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணையப் பார்த்தா பெட்ரோல் கம்மி. ஒரு நொடி கூடிட்டுப் பழையபடி வந்தா சரியா இருக்கு. பெட்ரோல் கம்மின்னா ஜெட் நட்டைக் கீழ்ப்பக்கமா ஒரு முகம், அதாவது ஆறுல ஒரு பங்கு சுத்து, இறக்கிட்டு மறுபடி பாருங்க. இப்போ பங்க்ல வர்ற எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இந்தக் கால வண்டிகளை அமைச்சிருக்காங்க. 1972 வண்டிக்கு நாமதான் அமைக்கணும்.

கேள்வி: பிரீமியர் பத்மினி வச்சிருக்கேன், சோலக்ஸ் கார்புரேட்டர். காலையில சோக்கை இழுத்து ஆக்சிலேட்டரை மிதிச்சு மிதிச்சு ஸ்டார்ட் பண்ணினாலும் பேட்டரிதான் இறங்குது. என்ன செய்ய?
- வாசகி, வள்ளியூர்

பதில்: காலை எடுங்கம்மா. சோலக்ஸ்ல சோக்குக்குப் பெட்ரோலும் காத்தும் வர்ற தனிப் பாதை இருக்கு. ஆக்சிலேட்டர் மூடியிருந்தாத்தான் அந்தப் பாதையில உறிஞ்சு இழுக்கிற வேகம் இருக்கும். மிதிச்சா அந்த இழுப்பு செத்துரும். போதாததுக்கு ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர்ல இருக்கிற பம்ப் வேற பெட்ரோலைப் பீச்சி ஸ்பார்க் பிளக்கை நனைச்சிரும். சோக்கை முழுசா இழுத்துட்டு, பெடலைத் தொடாம ஸ்டார்ட் பண்ணுங்க. ஏற்கெனவே நனைஞ்சிருந்தா முதல்ல பிளக்குகளைக் கழட்டித் துடைச்சுக் காயவச்சு மாட்டிக்கிடுங்க.

கேள்வி: மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏத்தத்துல அம்பாசிடர் திணறும்போது சோக்கை இழுத்தா இழுவை கிடைக்கும்னு நண்பர் சொல்லுதார். உண்மையா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை. மலை ஏற ஏறக் காத்து மெலியும், பெட்ரோல் அங்கே ஏற்கெனவே அதிகமாத்தான் போகும். மேலும் ஊத்தினா இன்னும் திணறும். சித்திரை வெயில்ல ஏத்தத்துல நின்னா பெரும்பாலும் பெட்ரோல் பம்ப் சூடாகி உள்ளே ஆவி கட்டியிருக்கும். ஓரமா நிறுத்தி, பானெட்டைத் திறந்து வச்சு, பம்ப் மேல ஈரத்துணி போடுங்க. அது ஆறின பிறகு எடுங்க.