பேய் வந்து பெயர் சொன்னால் பொலிஸ் எதற்கு?

கேள்வி: ஐயா, நான் அனுப்பிய மர்ம நாவலை ஒரு வரி காரணம்கூட எழுதாமல் திருப்பிவிட்டீர்கள். இரத்தக் காட்டேறியும் ஓநாய் மனிதனும் சூனியக்காரனும் மனிதரோடு சேர்ந்து வாழும் நகரங்களில் நடக்கிற துப்பறியும் கதைகளை வெள்ளைக்காரர் எழுதினால் எல்லாரும் கொண்டாடுகிறார்கள். அதையே நான் கிளிநொச்சியில் வைத்து எழுதினால் பேய்க்கதையா? வன்னி வாசகனுக்குக் கற்பனை வேண்டாமா? அல்லது ஆசிரியருக்குப் பேயென்றால் பயமா?

– கரடிப்போக்கிலிருந்து ஒரு வாசகர்

பதில்: பயம்தான் தம்பி. பேய்க்கில்லை, உமது 212ஆம் பக்கத்துக்கு.

காரணம் எழுதாமல் திருப்பியது என் பிழை. அதற்குத் தண்டமாக இந்த முறை பக்கம் முழுவதும் உமக்கே.

நாவலை முழுக்க வாசித்தேன். தொடக்கம் நல்லாயிருந்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவடியில் ஒரு பிணம், கழுத்தில் இரண்டு துளை. பார்த்தவர்கள் எல்லாரும் பாம்பு என்கிறார்கள். இது நம்மவர் எழுதினால் மட்டும் வருகிற இடம். இரண்டு துளையென்றால் வன்னியில் பாம்புக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். காட்டேறி தன் கொலையை மறைக்க இதைவிட நல்ல ஊர் உலகத்தில் இல்லை என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த பக்கத்தில் உமது நாயகன் விக்ரம் வந்து இறங்குகிறான். சித்திரை வெயில். கணுக்கால்வரை தொங்கும் கறுத்தக் கோட்டு!

சரி, கோட்டை விடுவோம். காட்டேறியாக வருகிறவர் பரந்தனில் அரிசி ஆலை முதலாளி. அவருக்கு உள்ளி ஆகாதாம். இரசத்துக்கு உள்ளி, பருப்புக்கு உள்ளி, பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற சரக்குக் கறியில் பிடி பிடியாய் உள்ளி. இந்த ஊரில் எவருடைய கழுத்தைக் கடித்தாலும் உள்ளிதானே மணக்கும்? மூன்றாம் நாளே அந்த மனிதர் பட்டினியில் போயிருப்பார். இரவல் பேயை இறக்கினால் இப்படித்தான், அது இங்கத்தைச் சாப்பாட்டுக்குப் பழகாது.

இதெல்லாம் ஒரு இரவில் திருத்தக்கூடிய குறைகள். 212ஆம் பக்கம் அப்படியல்ல. செத்தவனுடைய ஆவி ஆலைக்குள் வந்து, கையை நீட்டி, “என்னைக் கொன்றவன் இவன்தான்” என்கிறது. கதை முடிந்தது. 211 பக்கம் விக்ரம் ஓடிய ஓட்டம் எதற்கு? அந்த ஆவி மூன்றாம் பக்கத்திலேயே வந்திருக்கலாமே? ஏன் வரவில்லை என்று நாவல் சொல்லவில்லை. உமக்குப் பக்கம் நிரம்பவில்லை, அதுதான் காரணம்.

1929இல் றொனால்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளை எழுதினார். அதில் இரண்டாவது, அமானுஷ்யம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்பது. இத்தனைக்கும் அவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். கோயிலில் அற்புதத்தை நம்பிய மனிதர் கதையில் அதற்குக் கதவடைத்தார். நான் அவ்வளவு கண்டிப்பில்லை. பேய் வரட்டும், முனி வரட்டும், கொலையைக்கூட அவையே செய்யட்டும். ஆனால் வழக்கை நிரூபிக்கிற வேலையை அவற்றிடம் கொடுக்காதையும்.

இது வெள்ளைக்காரனிடம் படித்த பாடம் என்று நினைக்கவேண்டாம். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போயிருப்பீர். கடல்நீரில் விளக்கெரிகிற அந்தக் கோயிலில் இருக்கிற கண்ணகியின் வழக்கைச் சிலப்பதிகாரத்தில் ஒருதரம் சாவகாசமாக வாசித்துப் பாரும். புகார் நகரத்தில் ஒரு சதுக்கம், அதில் ஒரு பூதம். பொய்ச்சாட்சி சொன்னவன், புறங்கூறியவன், பிறன்மனை நயந்தவன், அரசனுக்குக் குழிபறித்த அமைச்சன் எல்லாரையும் தன் பாசக்கயிற்றால் கட்டி, அடித்துத் தின்னும். அதன் குரல் நாலு காதம் கேட்கும். களவெடுத்தவன் தலையில் சுமை ஏறி, இறக்கமுடியாமல் கழுத்து நோகச் சுற்றித் திரிய வைக்கிற மன்றம் ஒன்றும் அதே ஊரில் உண்டு. நீர் கேட்கிற அமானுஷ்ய நகரம் இதுதான், பொலிசும் மறியலும் உட்பட.

இப்போது ஒன்றை யோசியும். இவ்வளவு காவல் உள்ள புகாரில் சிலம்புக் களவு நடந்திருந்தால்? பொற்கொல்லன் வாயைத் திறந்த நிமிடமே பூதம் பிடித்திருக்கும். காவியமே இல்லை. அதனால்தானோ என்னவோ இளங்கோ அந்தப் பொய்யைப் பூதத்தின் எட்டுக்கு வெளியே, மதுரையில் வைத்தார். அதிலும் ஒரு குத்தல் இருக்கிறது. புகாரில் பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் பிடித்தபோது, அவன் தாய்க்காக இரங்கி, என் உயிரை எடு, அவனை விடு என்று கேட்டவன் கோவலன். பூதம் மறுத்துவிட்டது. அந்தக் கோவலனைத்தான் மதுரையில் ஒரு பொய் கொன்றது, தட்டிக்கேட்க அங்கே பூதம் இல்லை.

கண்ணகி சபையில் என்ன செய்தாள்? சாமியாடவில்லை. கோவலனின் ஆவியை அழைத்துச் சாட்சி சொல்ல வைக்கவில்லை. கோவலனிடம் எடுத்த சிலம்பு யாருடையது என்பது வழக்கு. பாண்டியன் தன் தேவியின் சிலம்பில் பரல் முத்து என்கிறான், இவள் தன் சிலம்பில் மாணிக்கம் என்கிறாள். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கை வென்றது அந்தப் பரல். நெருப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. உமது நாவலில் நெருப்பு முதலில் வருகிறது, பரல் வரவேயில்லை.

பழையனூர் நீலியையும் இங்கே சொல்லவேண்டும். முற்பிறப்பில் தன்னைக் கொன்றவனைத் தேடி வந்த பேய் அவள். கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் புருஷன் என்று வேளாளர் சபையில் அழுகிறாள். எழுபது பேர் இருந்த சபை கண்ணீரைப் பார்த்தது, கட்டை ‘அப்பா’ என்றதைக் கேட்டது, அவனைப் பேயோடு அறைக்குள் அனுப்பியது. காலையில் பிணம். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். நீலிக்கண்ணீர் என்று நாம் இன்றைக்கும் சொல்வது அந்த வழக்கின் தீர்ப்பைத்தான். பேய் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்ட விசாரணை என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா?

இன்னொன்று. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவை எடுத்துப் பாரும். செத்தவருடைய கூற்று, அவர் எப்படிச் செத்தார் என்ற வழக்கில் ஏற்கப்படும் என்கிறது. சாகமுதல் சொன்னதைத்தான் சட்டம் நினைத்திருக்கிறது. செத்தபின் வந்து சொன்னால் என்ன செய்வது என்று ஒரு குறும்புக்காரச் சட்டத்தரணியை வைத்து நீர் ஒரு நீதிமன்றக் காட்சியே எழுதியிருக்கலாம். அதே பிரிவில் செத்தவரோடு இன்னொருவரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறது: கண்டுபிடிக்க முடியாதவர்.

அந்தச் சொல்லை உம்முடைய ஊரில் நின்று வாசியும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் போராட்டமாக வந்து இருந்ததை நீர் பள்ளிக்கூடம் போகிறபோது கண்டிருப்பீர். பிள்ளை எங்கே என்ற ஒரே கேள்விதான் அவர்களுக்கு. அந்த ஊரில், அதே வீதியில், உமது கதையில் ஒரு ஆவி வந்து இரண்டு வரியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போகிறது. கற்பனை வேண்டாமா என்று கேட்டீர். வேண்டும். ஆனால் அந்தப் பக்கத்தை அந்த அம்மாக்களில் ஒருவருக்கு உரத்து வாசித்துக் காட்ட உமக்கு மனம் வருமா? எனக்கு வராது. அதனால்தான் திருப்பினேன்.

வெள்ளைக்காரர் எழுதினால் கொண்டாடுகிறோம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். 2011இல் பென் ஆரனோவிச் எழுதிய ‘ரிவர்ஸ் ஒவ் லண்டன்’ நாவலில் ஒரு சாதாரணப் பொலிஸ் கொன்ஸ்டபிள் கொலை நடந்த இடத்தில் ஆவியொன்றிடம் வாக்குமூலம் எடுக்கப் பார்க்கிறார். அந்த ஆவி சொன்னதோடு கதை முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. தேம்ஸ் நதியும் அதில் கலக்கிற ஆறுகளும் அங்கே ஆட்களாக வருகின்றன, எல்லைச் சண்டை பிடிக்கின்றன. அந்த மனிதர் தன் ஊர்த் தண்ணியில் கைவைத்தார். நீர் இரணைமடுவில் பிணத்தைப் போட்டுவிட்டு, குளங்களைக் காக்கிற ஐயனாரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம்மிடம் இருப்பவை சட்டம் தெரிந்த ஆட்கள். முனிக்கு ஒரு மரம், அதற்கு அப்பால் வராது. கொத்தி என்ற பெண்பேய்க்குப் பிள்ளைப்பேற்று வீடு. வைரவருக்கு எல்லை. சூடு மிதிக்கிற களத்தில் நெல்லை நெல்லென்று சொல்ல என் அப்பு விடமாட்டார், ‘பொலி’ என்றுதான் சொல்லவேண்டும். பெயரைக் கேட்டால் பூதம் வந்து அள்ளிப் போய்விடுமாம். ஆனால் விடியப் பொலி குறைந்திருந்தால் அப்பு விசாரித்தது பூதத்தையல்ல, இரவு காவலிருந்த பெரியப்பாவை. அப்புவுக்குத் தெரிந்த இந்த வித்தை விக்ரமுக்குத் தெரியவில்லை.

ஒரு கரு தருகிறேன், எடுத்துக்கொள்ளும். ஏ-9 வீதியில் எந்த வாகனமும் முறிகண்டியில் நின்று பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் போகும். கொலை நடந்த இரவு ஒரு வாகனம் நிற்காமல் போயிருக்கிறது. கச்சான்காரி கண்டிருக்கிறாள். சாரதி சாமிக்குப் பயப்படாதவனா, அல்லது சாமி முன்னால் நிற்கமுடியாத ஒன்று உள்ளே இருந்ததா? பிள்ளையாருக்குத் தெரியும், ஆனால் அவர் வாய் திறக்கமாட்டார். புகாரில் ஒரு பாவை உண்டு, அரசு பிழைத்தால் பேசாது, கண்ணீர் மட்டும் விடும். அந்த அளவோடு நிற்கட்டும்.

விக்ரமை வந்த பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டு, ஒரு திடீர் மரண விசாரணை அதிகாரியை நாயகனாக்கும். பாம்பு, யானை, கிணறு என்று இந்தப் பகுதிச் சாவெல்லாம் பார்த்த, மோட்டார் சைக்கிளில் கோப்போடு வருகிற மனிதர். இரண்டு துளையைக் கண்டதும் அவரும் பாம்பென்றே எழுதட்டும். பிறகு ஏன் அதை வெட்டினார் என்பதிலிருந்து இரண்டாம் அத்தியாயம்.

முதல் முப்பது பக்கத்தை வைத்திரும், வான்கதவுக் காட்சியில் ஒரு சொல்லும் மாற்றவேண்டாம். மிச்சத்தைத் தைப்பொங்கலுக்குப் பிறகு கொண்டு வாரும். தபாலில் போடாமல் நேரில் வந்தால் நல்லது, எனக்குக் கரடிப்போக்குப் பக்கத்து முனிகளைப் பற்றிக் கேட்கச் சில சந்தேகம் இருக்கிறது.