லைட்டுக்கு எதிர்ச்சொல் எது?

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ஆங்கிலத் தேர்வில் 'லைட்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்லாக 'ஹெவி' என்று எழுதினாள். 'டார்க்' என்பதுதான் விடை என்று சொல்லி ஆசிரியர் மதிப்பெண் தரவில்லை. இரண்டில் எது சரி?

பதில்: இரண்டும் சரி. தவறு வினாத்தாளில் இருக்கிறது. வாக்கியம் எதுவும் தராமல் ஒற்றைச் சொல்லை நீட்டி எதிர்ச்சொல் கேட்டால், கேட்டவர் எந்தப் பொருளை நினைத்தார் என்று குழந்தை எப்படி அறியும்?

அதிலும் லைட் என்பது ஒரே சொல் அல்ல, இரண்டு சொற்கள். ஒளியைக் குறிக்கும் லைட் வேறு, எடைக்குறைவைக் குறிக்கும் லைட் வேறு. இரண்டுக்கும் வேர் தனித்தனி. ஆங்கிலத்தில் நாளடைவில் எழுத்தும் ஒலியும் ஒன்றாகிவிட்டன. அதன் உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் பிரிந்தே நிற்கின்றன. (நுரையீரலைக் குறிக்கும் 'லங்' என்ற சொல், எடைக்குறைவைச் சொல்லும் லைட்டுக்கு உறவு. எடை குறைந்த உறுப்பு என்பதால் வந்த பெயர்.)

பெட்டி லைட்டாக இருந்தால் எதிர்ச்சொல் ஹெவி. மழைக்கும் அதுவே. நிறத்துக்கு டார்க். தண்டனை லைட் என்றால் எதிரே நிற்பது 'சிவியர்'. மெழுகுவத்தியை ஏற்றுவதும் லைட்தான். அதற்கு 'எக்ஸ்டிங்குவிஷ்', அதாவது அணைப்பது. தூக்கம் இன்னும் நுட்பமானது: லைட்டான உறக்கத்துக்கு 'டீப்' என்பார்கள், ஆனால் சிறு ஓசைக்கே விழித்துக்கொள்பவருக்கு எதிரான ஆளை 'ஹெவி ஸ்லீப்பர்' என்பார்கள்.

நம் மொழியில் 'இளமை' என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். எதிர்ச்சொல் முதுமை என்று எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் இளைய மகனுக்கு எதிர் மூத்த மகன். இளம் பயிருக்கு முற்றிய பயிர். இளநீலத்துக்குக் கருநீலம். இளவேனிலுக்கு முதுவேனில் உண்டு. இளவெயிலுக்கு முதுவெயில் கிடையாது, கடும் வெயில்தான். தமிழ் பேசி வளர்ந்த குழந்தை இவற்றில் தடுமாறுவதில்லை, ஏனென்றால் அது சொற்களைச் சோடி சோடியாகக் கற்கவில்லை, பேச்சுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தை மட்டும் ஏன் இரண்டு பத்திப் பட்டியலாகத் திணிக்கிறோம்?

உங்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 'எது சரி' என்று கேட்டீர்களே தவிர, ஏன் ஹெவி என்று எழுதினாய் என்று மகளிடம் கேட்டீர்களா? அவள் மனத்தில் ஒரு பெட்டியோ பையோ இருந்திருக்கும். அந்தப் பொருளை அவள் சரியாகவே பிடித்திருக்கிறாள். மதிப்பெண் போனதைவிட, தான் அறிந்த ஒன்றைத் தவறென்று அவள் நம்பத் தொடங்குவதே எனக்குக் கவலை தருகிறது.

லைட் வரும் நான்கு வாக்கியங்களை அவளையே எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொன்றிலும் பொருள் வேறாக இருக்கட்டும். எதிர்ச்சொற்களையும் அவளே பக்கத்தில் குறிக்கட்டும். அந்தத் தாளோடு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்காக அல்ல, அடுத்த வினாத்தாளில் சொல்லோடு ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுக்குமாறு கேட்பதற்காக.