கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுக்கு எதுக்கு பத்மபூஷண் கொடுத்தாங்க?

1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழவெண்மணியில கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர ஒரு குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்கல்ல, அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போய் தங்கி வேலை செஞ்சவங்க இந்த அம்மாவும் அவங்க கணவர் ஜெகந்நாதனும். கிருஷ்ணம்மாளும் ஏழை தலித் குடும்பத்துல பொறந்தவங்கதான். 1981ல லாஃப்டின்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு, மிராசுதாருங்ககிட்ட பேசி, பேங்க்ல லோன் வாங்கி நிலத்த விலைக்கு வாங்கி, நிலமே இல்லாத குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர்னு பிரிச்சுக் கொடுத்தாங்க, அதுவும் பொம்பளைங்க பேர்லயே பத்திரம், எனக்கு இதுதான் ரொம்ப பெரிய விஷயம், ஏன்னா ஆம்பள பேர்ல இருந்தா கடனுக்குக் கைமாறிப் போயிடும். அப்புறம் கடலோர இறால் பண்ணைகள எதிர்த்தும் போராடினாங்க, ஜெகந்நாதன் ஐயா போட்ட கேஸ்ல 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்துச்சு. பத்மபூஷண் 2020லதான், அதுக்கு முன்னாடியே 2008ல ஸ்வீடன்ல ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்துட்டாங்க.