ஈசிஆர் பக்கம் மனை வாங்கும்போது கடல் தூரத்தை மட்டும் அளந்தால் போதாது

கேள்வி: சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்கும் நெம்மேலிக்கும் நடுவில், ஈசிஆருக்கு (கிழக்குக் கடற்கரைச் சாலை) மேற்கே அரை கிரவுண்டு மனை பார்த்திருக்கிறேன். கடல் 400 மீட்டர், பின்னால் கொஞ்ச தூரத்தில் பக்கிங்ஹாம் கால்வாய். "டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கு, சிஆர்இசட் இங்க வராது, தண்ணி இளநீர் மாதிரி இருக்கும்" என்கிறார் புரோக்கர். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் அந்த 400 மீட்டர். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் (சிஆர்இசட்) என்பது உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறி நிற்கும் எல்லையிலிருந்து, நிலப்பக்கம் 500 மீட்டர் வரை நீளும். 400 மீட்டர் என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் சிஆர்இசட் வராது என்பவருக்கு ஒன்று விதி தெரியவில்லை, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். மண்டலத்துக்குள் வந்தால் வீடே கட்ட முடியாது என்றில்லை. ஊர்ப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில்தான் கட்டுமானத் தடை (மக்கள் நெருக்கம் அதிகமான ஊர்களுக்கு 2019 சிஆர்இசட் அறிவிக்கை அதைச் சில நிபந்தனைகளோடு 50 மீட்டராகக் குறைத்தது). அதைத் தாண்டினால் குடியிருப்புக்கு வழி உண்டு, ஆனால் தரைத்தளமும் ஒரு மாடியும், 9 மீட்டர் உயரம், அவ்வளவுதான். அதுவும் மீனவக் குப்பங்கள் போன்றவற்றின் பாரம்பரிய உரிமைகளுக்கும் வழக்கங்களுக்கும் உட்பட்டது என்ற வாசகத்தோடு. வெளியிலிருந்து புதிதாக வரும் உங்களுக்கு அந்த வாசகம் எப்படிப் பொருந்தும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

இங்கே மனை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கிழக்கே பார்த்துத்தான் அளக்கிறார்கள். எனக்குக் கவலை மேற்கே. முட்டுக்காடு முகத்துவாரம் வழியாக ஏறும் ஓதம் கால்வாய்க்குள்ளும் போகிறது. ஓதம் ஏறும் நீர்நிலைக்கும் சிஆர்இசட் உண்டு: 2011 விதியில் 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், 2019 விதியில் 50 மீட்டர் அல்லது அகலம், இரண்டில் எது குறைவோ அது. ஓதம் எதுவரை என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, கடும் கோடையில் உப்புத்தன்மையை அளந்துதான் எல்லை போடுகிறார்கள். ஆக, உங்கள் மனை இரண்டு பக்கமும் சிக்கலாம்.

சட்டத்தை விடுங்கள், வெள்ளம் வருவதும் அந்தப் பக்கம்தான். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து சேரும் தென்சென்னைப் புறநகர் மழைநீர் ஒக்கியம் மடுவு என்ற ஓடை வழியாகக் கால்வாயில் இறங்கி முட்டுக்காட்டில்தான் கடலைச் சேர வேண்டும். அந்த நேரம் கடலில் ஓதம் ஏறியிருந்தால் தண்ணீர் வடியாமல் நிற்கும். மேட்டுப்பக்கம் நகரம் வளர வளர கீழே வரும் தண்ணீரும் கூடும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் இந்த இடத்தில் எதுவரை தண்ணீர் ஏறியது என்று பக்கத்து வீட்டில், டீக்கடையில், மாடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். புரோக்கரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இளநீர் விஷயம். இந்த மணலில் மழைநீர், அடியில் உள்ள உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல நீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர் நிற்கும் என்பது ஒரு பொதுக் கணக்கு. அதையே திருப்பிப் போடுங்கள்: மோட்டார் போட்டு மேலே 1 மீட்டர் இறக்கினால் கீழிருந்து உப்பு அந்த 40 மீட்டரும் ஏறப் பார்க்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த தையில் எந்தக் கிணறும் இனிக்கத்தான் செய்யும். மே கடைசியில் எடுத்துச் சோதித்துப் பாருங்கள், டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 500-க்குள் இருந்தால் நல்லது, 2,000 தாண்டினால் குடிக்க ஆகாது. ஊர்ப்புறக் கரையில் 200 முதல் 500 மீட்டர் வரை, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில், சாதாரணக் கிணற்றில் கையால் இறைக்கத்தான் அனுமதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறதே என்பீர்கள். அது சென்னைக்கு நீர் கொடுப்பதற்காகக் கட்டியது, உங்கள் தெருவுக்குக் குழாய் வருகிறதா என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

டிடிசிபி எண்ணை மட்டும் பார்க்காமல் அனுமதி ஆணையை முழுதாக வாங்கிப் படியுங்கள், நிபந்தனைகள் அதில்தான் ஒளிந்திருக்கும். 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை வந்ததால், உங்கள் ஊருக்கு இனி கட்டட அனுமதி தருவது யார் என்பதையும் கேட்டுவிடுங்கள். பட்டா, வில்லங்கம் வழக்கம்போல. கூடவே அ-பதிவேட்டில் (ஊர் நிலங்களின் வகையைக் காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) அந்தச் சர்வே எண் ஏதாவது புறம்போக்கிலிருந்து உட்பிரிவாகி வந்ததா என்று பாருங்கள், புலப்படத்தில் (அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடம்) பழைய ஓடை, வாய்க்கால் கோடு இருக்கிறதா என்பதையும்.

சிஆர்இசட் நிலையை உறுதிசெய்ய, சர்வே எண்ணைக் குறிப்பிட்டு மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை அமைப்பிடம் (செங்கல்பட்டு ஆட்சியர் தலைமையில் இருப்பது) எழுத்தில் கேளுங்கள். சந்தேகம் தீராவிட்டால், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் மூலம் 1:4000 அளவு வரைபடத்தில் மனையைப் பொருத்திக் காட்டச் சொல்லலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் இதைச் செய்கிறது. செலவாகும், ஆனால் மனை விலைக்கு முன்னால் அது பெரிதில்லை.

விற்பவர் அவசரப்படுத்தினால் சின்னத் தொகையோடு கிரய ஒப்பந்தம் போடலாம். அதில், மனை சிஆர்இசட்டில் வந்தாலோ கட்டட அனுமதி மறுக்கப்பட்டாலோ முன்பணம் முழுதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்ற ஷரத்து இருக்க வேண்டும். அதற்கு அவர் கையெழுத்துப் போடத் தயங்கினால் வேறு மனை பாருங்கள்.