கனமானது முந்துமா? தடையின்றி விழும் பொருள்கள்: கேள்வி பதில்

கே (7ஆம் வகுப்பு மாணவி): கல்லையும் இறகையும் சேர்த்து விட்டால் கல்தானே முதலில் விழுகிறது?

ப: நீ பார்த்தது சரிதான் கண்ணா. ஆனால் அங்கே இறகைத் தாமதப்படுத்துவது காற்று. ஒரே அளவில் இரண்டு தாள் எடு. ஒன்றை இறுக்கிக் கசக்கி உருண்டையாக்கு. இரண்டையும் தலை உயரத்திலிருந்து ஒன்றாக விடு. உருண்டை நேரே இறங்கும். விரித்த தாள் ஆடி அசைந்து பின்னால் வரும். எடை மாறவில்லை, காற்றை எதிர்கொள்ளும் பரப்புதான் மாறியது. காற்றில்லாத நிலவில் 1971இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. காணொளியைத் தேடிப் பார்.

கே: கனமானதைப் பூமி அதிகமாக இழுக்குமே?

ப: இழுக்கும். 10 கிலோ கல்லின் மேல் 1 கிலோ கல்லைப்போல் 10 மடங்கு விசை. ஆனால் அதன் வேகத்தை மாற்றவும் 10 மடங்கு விசை வேண்டும். இரண்டும் ஈடாகி, முடுக்கம் (வேகம் மாறும் வீதம்) ஒன்றாகிவிடுகிறது: 9.8 மீ/வி².

கே: மொட்டை மாடியிலிருந்து கல்லைப் போட்டு நேரம் எடுக்கலாமா?

ப: கூடாது. 2 விநாடியில் கல் 19.6 மீட்டர் இறங்கி, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். கீழே யார் வருவார் என்று உனக்குத் தெரியாது. சாய்வான பலகையில் கோலிக்குண்டை உருட்டு. கலிலியோ செய்ததும் இதுதான். சாய்தளத்தில் இயக்கம் மெதுவாகி அளக்க வசதியாகிறது. அடுத்தடுத்த சம நேரங்களில் குண்டு கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடும்.

கே: இரும்புக் குண்டு, பஞ்சு: எது முதலில்?

ப: முதல் பதிலைப் படி.

கே (8ஆம் வகுப்பு மாணவர்): மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும்போது முடுக்கம் சுழிதானே?

ப: இல்லை. திசைவேகம் (திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம்) தான் சுழி. முடுக்கம் அப்போதும் கீழ்நோக்கி 9.8.

கே (அதே மாணவர்): நிற்கிற பொருளுக்கு எப்படி முடுக்கம் இருக்கும்? ஒப்புக்கொள்ள முடியாது.

ப: ஒப்புக்கொள்ளாதே, கணக்குப் போடு. உச்சிக்கு 1 விநாடி முன்பு பந்து 9.8 மீ/வி வேகத்தில் ஏறுகிறது. 1 விநாடி பின்பு அதே வேகத்தில் இறங்குகிறது. இடையில் ஈர்ப்பு ஓய்வெடுத்ததா? திசைவேகமும் சுழி, முடுக்கமும் சுழி என்றால் பந்து அந்தரத்திலேயே தங்கிவிட வேண்டும். தங்குகிறதா?

கே (ஒரு தந்தை): பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே? கணநேரமாவது நிற்கிறதல்லவா?

ப: ஐயா, எவ்வளவு நேரம் என்று நீங்களே சொல்லுங்கள். நூறில் ஒரு விநாடி என்றால், அதற்குள்ளேயே திசைவேகம் 0.098 மீ/வி மாறிவிடும். எத்தனை சிறிய கால அளவைச் சொன்னாலும் அதற்குள் பந்து நகர்ந்திருக்கும். உச்சி என்பது ஏற்றம் இறக்கமாகத் திரும்பும் புள்ளி. அங்கே தங்கல் கிடையாது.

கே (8ஆம் வகுப்பு மாணவர்): திரும்பும் புள்ளி என்றதும் புரிந்தது. அப்படியானால் விண்வெளி நிலையத்திலும் ஈர்ப்பு இருக்கிறதா?

ப: சபாஷ், இதைத்தான் எதிர்பார்த்தேன். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 விழுக்காடு ஈர்ப்பு இருக்கிறது. நிலையமும் வீரர்களும் பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் போவதால், அவர்கள் விழுகிற அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து விலகுகிறது. எல்லாரும் சேர்ந்து விழுவதால் தாங்கிப் பிடிக்கத் தரை இல்லை, அதனால் மிதக்கிறார்கள்.

கே: எடையை எந்த அலகில் எழுத வேண்டும்?

ப: நியூட்டன். எடை என்பது பூமி இழுக்கும் விசை. கிலோகிராம் நிறைக்கு, அதாவது பொருளில் உள்ள பருப்பொருளின் அளவுக்கு.

கே: மாடி வேண்டாம், ஜன்னலிலிருந்து போடலாமா?

ப: அதுவும் கூடாது. பலகையும் கோலிக்குண்டும் போதும்.