சிவப்புச் சட்டை போட்ட நாயை உள்ளே விட வேண்டுமா?

கேள்வி: அறுகம்பையில் நானும் கணவரும் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். போன சீசனில் ஓர் அமெரிக்கர் நாயுடன் வந்தார். மூன்று மாதம் முன்பு கடற்கரையில் அவர் எடுத்து வளர்த்த குட்டி அது என்பது ஊருக்கே தெரியும். அதற்குச் சிவப்புச் சட்டை மாட்டி, கழுத்தில் அட்டை தொங்கவிட்டு, "இது உதவி நாய், மறுப்பது சட்டப்படி குற்றம்" என்றார். பயந்து உள்ளே விட்டோம். பக்கத்து மேசைக் குழந்தையின் தட்டில் அது வாய் வைத்துவிட்டது. அந்தக் குடும்பம் சாப்பிடாமலே எழுந்து போனது. மாமியார் பாத்திரங்களை இஸ்லாமிய முறைப்படி மண் போட்டுக் கழுவ வைத்தார். "கண் நன்றாகத் தெரிகிற ஆளுக்கு எதற்கு நாய்? இனி எந்த நாயும் உள்ளே வரக்கூடாது" என்று கணவர் பலகை எழுதப் போகிறார். உண்மையிலேயே பார்வையில்லாத ஒருவர் வந்தால் என்ன செய்வது?
— ஒரு சகோதரி, பொத்துவில்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அவர் உங்களை மிரட்டியது அமெரிக்கச் சட்டத்தைச் சொல்லி. அது பொத்துவில் வரை நீளாது. நீண்டாலும் அவருக்கு உதவாது என்பதுதான் வேடிக்கை.

அந்தச் சட்டத்தின்படி, உடல் அல்லது மனநலக் குறைபாடு உள்ள ஒருவருக்காகக் குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கப்பட்ட நாய்தான் உதவி நாய். பக்கத்தில் இருந்தால் மனதுக்கு ஆறுதல் என்பது மட்டும் போதாது. கடைக்காரர் இரண்டு கேள்விகள் கேட்கலாம். குறைபாட்டின் காரணமாகத்தான் இந்த நாய் தேவைப்படுகிறதா? என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? நோயைத் துருவக் கூடாது, சான்றிதழும் கேட்கக் கூடாது. அப்படியொரு அரசாங்கப் பதிவே அங்கு கிடையாது. இணையத்தில் பணம் கட்டினால் அட்டையும் சட்டையும் யார் வீட்டு நாய்க்கும் வந்து சேரும். ஆகவே அவர் பெருமையாகக் காட்டிய அட்டைக்கு அவருடைய ஊரிலேயே மதிப்பில்லை. அசல் உதவி நாயே ஆனாலும், அது அடங்காமல் திரிய உரிமையாளர் பார்த்துக்கொண்டிருந்தால் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். தட்டில் வாய் வைத்ததற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது?

இந்தக் கூத்து அங்கே எவ்வளவு தூரம் போனது தெரியுமா? 2018 ஜனவரியில் நியூவார்க் விமான நிலையத்துக்கு ஒரு பெண் ஆறுதல் பிராணி என்று மயிலையே கொண்டுவந்தார். மயிலை ஏற்றவில்லை. 2021 ஜனவரியிலிருந்து ஆறுதல் பிராணிகளை உதவி நாய்களுக்குச் சமமாக நடத்தும் கடமை அங்குள்ள விமான நிறுவனங்களுக்கு இல்லாமல் போனது.

இனி அசல் நாயைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கணவர் கோபத்தில் அதையும் சேர்த்து விரட்டப் பார்க்கிறார். முதல் உலகப் போரில் பார்வை இழந்த படைவீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கினார்கள். இன்றும் ஒரு குட்டி வழிகாட்டி நாயாக ஏறக்குறைய இரண்டு வருடம் பிடிக்கிறது. அதன் முதுகில் விறைப்பான கைப்பிடி இருக்கும். அதன் வழியாகத்தான் நாயின் ஒவ்வொரு திருப்பமும் எஜமானின் கைக்குத் தெரிகிறது. "முன்னே போ" என்று அவர் சொன்னாலும் வாகனம் வந்தால் அது நகராது. எஜமானின் சொல்லை எப்போது மீறுவது என்பதையும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்! உணவகத்தில் மேசைக்கு அடியில் படுத்துவிடும். பக்கத்தில் மீன் துண்டு விழுந்தாலும் தொடாதபடி பழக்கியிருப்பார்கள். போலிச் சட்டை போட்ட நாய் பாய்ந்து கடித்தால், அந்தப் பயத்திலேயே இப்படிப்பட்ட நாய் வேலைக்கு உதவாமல் போய்விடக் கூடும். உங்களுக்கு ஒரு வேளை வியாபாரம் கெட்டது. அந்தப் பார்வையற்றவருக்கு நடமாட்டமே நின்றுபோகும்.

"கண் தெரிகிற ஆளுக்கு எதற்கு நாய்" என்ற பேச்சை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை இறங்குவதை மோந்து எச்சரிக்கும் நாய் இருக்கிறது, காது கேளாதவரைத் தட்டி அழைக்கும் நாய் இருக்கிறது. போர் பார்த்த மண்ணில் வாழும் நமக்கு, வெளியே தெரியாத காயம் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆளை எடை போடாதீர்கள், நாயின் நடத்தையைப் பாருங்கள்.

மாமியாரின் மனவருத்தம் நியாயமானது. மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை, ஊர் ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் 2008இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொழுது முடிக்கும்வரை அவருடைய வழிகாட்டி நாய் காத்திருக்கப் பள்ளிவாசலிலேயே இடம் ஒதுக்கினார்கள் என்ற செய்தியை அவரிடம் சொல்லுங்கள். உங்கள் கடையிலும் வாசலோரம், காற்றோட்டமான ஒரு மேசையை ஒதுக்கலாம். நாய்க்குத் தண்ணீர் வைக்கத் தனிப் பாத்திரம் வாங்குங்கள். சமையலறைப் பாத்திரத்தோடு அது சேரவே வேண்டாம்.

நம் இலங்கையிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் போகக்கூடிய இடத்துக்குள் மாற்றுத்திறனாளி ஒருவர் வருவதை அவருடைய குறைபாட்டைக் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. அதனால் பலகையை இப்படி எழுதச் சொல்லுங்கள்: "செல்லப்பிராணிகளை உள்ளே கொண்டுவர வேண்டாம். வழிகாட்டி நாயுடனும் உதவி நாயுடனும் வருவோரை வரவேற்கிறோம்." மூன்று மொழியிலும் இருக்கட்டும்.

அதே மனிதர் அடுத்த சீசனில் வந்தால் அந்த இரண்டு கேள்விகளையும் சிரித்த முகத்தோடு கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் நாயை வெளியே நிழலில் கட்டிவிட்டு வரலாம், இல்லையென்றால் பார்சல் கட்டித் தருகிறோம் என்று சொல்லுங்கள். கழுத்து அட்டையை நீட்டினால் அதை விட்டுவிட்டு, விசர்நாய்த் தடுப்பூசி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கடற்கரையில் எடுத்த குட்டிக்கு முதலில் இருக்க வேண்டியது அதுதான்.